தவறு என்று சொல்ல 28 ஆண்டுகள்

1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் மெக்னமாரா. அப்போது அவருக்கு வயது 78. 1961 முதல் 1968 வரை கென்னடி, ஜான்சன் என்ற இரண்டு ஜனாதிபதிகளின் கீழ் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். வியட்நாம் போரைத் திட்டமிட்டு நடத்தியவர்களில் முதல் வரிசை ஆள்.

பதவியை விட்டு இறங்கிய பிறகு வியட்நாம் பற்றி வாயே திறக்காமல் இருந்த மனிதர், அந்தப் புத்தகத்தில்தான் மனம் திறந்தார். நாங்கள் செய்தது தவறு, அதுவும் மிகப் பயங்கரமான தவறு என்று ஒப்புக்கொண்டார். எங்கெங்கே தவறினோம் என்று 11 காரணங்களை வரிசையாகப் பட்டியலும் போட்டார்.

பெரிய பதவியில் இருந்த ஒருவர் தானாக முன்வந்து தவறை ஒப்புக்கொண்டால் பாராட்டுதானே கிடைக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. நியூயார்க் டைம்ஸ் மிகக் கடுமையான தலையங்கம் எழுதியது. முப்பது வருடம் கழித்து வரும் கண்ணீரால் இறந்தவர்களின் கடன் தீராது என்பதுதான் அதன் சாரம். போரில் கை கால் இழந்தவர்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களும் கொதித்தார்கள். இத்தனைக்கும், கடைசி வரை போர் சரியானதுதான் என்று சாதித்த வால்ட் ராஸ்டோ போன்றவர்கள் மேல்கூட இவ்வளவு கோபம் வரவில்லை!

ஏன் இப்படி? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் மெக்னமாரா எதைச் சொன்னார் என்பதைவிட எப்போது சொன்னார் என்பதைப் பார்க்க வேண்டும்.

கணக்கு ஆசிரியர் அமைச்சரான கதை

மெக்னமாரா அரசியல்வாதி அல்ல, ராணுவத் தளபதியும் அல்ல. பெர்க்லியில் பொருளாதாரம் படித்தார். ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து, அங்கேயே கணக்கியல் பாடம் நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையின் புள்ளிவிவரப் பிரிவில் சேர்ந்தார். எந்த விமானம் எத்தனை குண்டு போட்டது, எவ்வளவு எரிபொருள் செலவானது, எத்தனை விமானங்கள் திரும்பி வரவில்லை என்று கணக்கெடுத்து, எப்படிச் செய்தால் இன்னும் பலன் கிடைக்கும் என்று சொல்வதுதான் வேலை.

போர் முடிந்ததும் அந்தப் பிரிவில் இருந்த 10 பேர் கூட்டாக ஃபோர்டு கார் கம்பெனியில் சேர்ந்தார்கள். நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியைக் கணக்கும் கட்டுப்பாடும் கொண்டு நிமிர்த்தினார்கள். 1960 நவம்பரில் மெக்னமாரா ஃபோர்டின் தலைவரானார். 1906க்குப் பிறகு ஃபோர்டு குடும்பத்துக்கு வெளியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். சில வாரங்களிலேயே கென்னடியிடமிருந்து அழைப்பு வந்தது. கோடிகளில் சம்பாதிக்க வேண்டியவர், அதை உதறிவிட்டு வாஷிங்டன் போனார்.

எதையும் எண்ணிப் பார்த்தால் புரிந்துவிடும், புரிந்துவிட்டால் சரி செய்துவிடலாம் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. கார் தொழிற்சாலையில் அது பலித்தது. வியட்நாமில்?

எல்லாம் ஒத்துப்போன கணக்கு

1954ல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்று வெளியேறிய பிறகு வியட்நாம் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. வடக்கே ஹோ சி மின் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு. தெற்கே அமெரிக்க ஆதரவு பெற்ற அரசு. தெற்கு விழுந்தால் அக்கம்பக்கத்து நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும் என்று வாஷிங்டன் நம்பியது. கென்னடி கொல்லப்பட்டபோது, அதாவது 1963 நவம்பரில், அங்கே இருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் சுமார் 16,000 பேர்.

1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. 2ஆம் தேதி நடந்தது உண்மை. 4ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன தாக்குதல் நடக்கவே இல்லை என்று பிற்காலத்தில் தெளிவானது. ஆனால் அதைக் காட்டித்தான் 7ஆம் தேதி ஜனாதிபதிக்குப் போர் செய்யும் அதிகாரம் கொடுத்தார்கள். கீழவையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. அந்த எதிர்ப்பு ஓட்டு போட்ட இருவரில் ஒருவரான வெய்ன் மோர்ஸ்தான் இதை 'மெக்னமாராவின் போர்' என்று அழைத்தவர். அந்தப் பெயரைக் கேட்டு மெக்னமாரா வருத்தப்படவில்லை, அதோடு தன் பெயர் சேர்வதில் மகிழ்ச்சிதான் என்றார்.

1965 மார்ச்சில் முதல் தரைப்படை தா நாங் கடற்கரையில் இறங்கியது. அந்த வருட முடிவில் 1,84,000 வீரர்கள். அடுத்த வருடம் 3,85,000. 1967 முடிவில் ஏறக்குறைய 4,85,000.

இந்தப் போரில் பிடிப்பதற்கு ஊர் இல்லை, நகர்த்துவதற்கு எல்லைக்கோடு இல்லை. வெற்றியை எப்படி அளப்பது? எண்ணிக்கை வைத்துத்தான். கொல்லப்பட்ட எதிரிகள் எத்தனை, வீசிய குண்டுகள் எத்தனை டன், 'பாதுகாப்பான' கிராமங்கள் எத்தனை. எதிரி புதிய ஆட்களைச் சேர்க்கும் வேகத்தைவிட நாம் கொல்லும் வேகம் அதிகமானால் வெற்றி என்று ஒரு கணக்கு. பிண எண்ணிக்கை கூடினால் மேலதிகாரி பாராட்டுவார் என்றால் கீழே இருப்பவர் என்ன செய்வார்? கூட்டித்தான் எழுதுவார். வயலில் செத்துக் கிடந்த விவசாயியும் எதிரியாகவே கணக்கில் ஏறினார். வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்த தாள்களில் எல்லாமே அழகாக ஒத்துப்போயின. 1962ல் முதல் முறை வியட்நாம் போனபோதே, எந்த அளவுகோலை எடுத்துப் பார்த்தாலும் நாம்தான் ஜெயிக்கிறோம் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னவர் அல்லவா அவர்!

உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு

ஆனால் மெக்னமாரா முட்டாள் அல்ல. உண்மை அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மொத்தக் கதையின் வேதனையே இதுதான்.

1965 நவம்பரில் இயா திராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் சில நாட்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். மெக்னமாரா நேரில் போய்விட்டு வந்து, அந்த மாதம் 30ஆம் தேதி ஜனாதிபதிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இன்னும் லட்சக்கணக்கில் வீரர்களை அனுப்பினாலும் வெற்றி நிச்சயம் இல்லை, மாதம் ஆயிரம் பேர் வரை சாகலாம், 1967 தொடக்கத்தில் இதைவிடப் பெரிய போரில் இதே போல முடிவு தெரியாமல் நிற்கும் வாய்ப்பு சரிபாதி என்று அதில் இருந்தது. இதை எழுதிய அதே குறிப்பில் வீரர்களை அதிகம் அனுப்பவும் சிபாரிசு செய்தார். சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று வீட்டுப் பத்திரத்தை வைப்பவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதே நவம்பர் 2ஆம் தேதி, நார்மன் மாரிசன் என்ற குவேக்கர் சமயத்தவர், பென்டகனில் மெக்னமாராவின் அறை ஜன்னலுக்குக் கீழே தீக்குளித்து இறந்தார். கூடவே தன் கைக்குழந்தையையும் கொண்டு வந்திருந்தார். குழந்தை உயிர் தப்பியது. அந்தச் சம்பவம் பற்றி வீட்டில்கூடப் பேச முடியாமல் மனதுக்குள்ளேயே புதைத்துக்கொண்டதாக மெக்னமாரா பின்னாளில் எழுதினார்.

1966 அக்டோபரில் நடந்த ஒன்றை டேனியல் எல்ஸ்பெர்க் பதிவு செய்திருக்கிறார். வியட்நாமிலிருந்து திரும்பும் விமானத்தில் மெக்னமாரா, ஒரு லட்சத்துக்கும் மேல் வீரர்களைக் கூடுதலாக இறக்கியும் நிலைமை முன்னேறவில்லை, அப்படியானால் மோசமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று பேசிக்கொண்டு வந்தாராம். விமானம் தரையிறங்கியது. கீழே டி.வி. கேமராக்களும் மைக்குகளும் காத்திருந்தன. இறங்கிப் போன மெக்னமாரா, எல்லாத் துறைகளிலும் நல்ல முன்னேற்றம் தெரிகிறது என்று பேட்டி கொடுத்தார்.

1967 மே 19ஆம் தேதி ஜான்சனுக்கு எழுதிய குறிப்பில் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார். உலகின் மிகப் பெரிய வல்லரசு, ஒரு சின்னஞ்சிறு நாட்டைப் பணிய வைக்க வாரத்துக்கு ஆயிரம் அப்பாவிகளைக் கொல்வதும் காயப்படுத்துவதும் பார்க்கச் சகிக்காத காட்சி என்ற பொருளில் இருந்தது அந்தக் குறிப்பு. அடுத்த மாதம், இந்தப் போருக்குள் எப்படி நுழைந்தோம் என்று ஆராய ரகசியக் குழு ஒன்றை அமைத்தார். அந்தக் குழு தயாரித்த 7,000 பக்க அறிக்கைதான் 1971ல் எல்ஸ்பெர்க் மூலம் வெளியே வந்த 'பென்டகன் ஆவணங்கள்'.

ஆக, 1967லேயே அவர் முடிவுக்கு வந்துவிட்டார். ஆனால் படித்தவர் ஜனாதிபதியும் இன்னும் சிலரும் மட்டுமே. நாடு படிக்கவில்லை. போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் படிக்கவில்லை.

இத்தனைக்கும் மக்கள் தாங்களாகவே அந்த முடிவை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்று காலப் நிறுவனம் தொடர்ந்து கேட்டு வந்தது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 சதவீதம். 1967 அக்டோபரில் 47 சதவீதம். தவறு இல்லை என்றவர்கள் 44 சதவீதம். அதே அக்டோபரில் பல்லாயிரக்கணக்கானோர் பென்டகனை முற்றுகையிட்டார்கள். அமைச்சர் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கோஷம் போட்டவர்களின் கருத்தும் மேலே நின்றவரின் குறிப்பும் பெரிதாக வேறுபடவில்லை என்பது கீழே நின்றவர்களுக்குத் தெரியாது!

உண்மை சொன்னவருக்கு என்ன ஆனது?

சரி, அன்றைக்கே வெளியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு.

ஜார்ஜ் ராம்னி. மெக்னமாரா ஃபோர்டில் இருந்த அதே காலத்தில் அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற போட்டிக் கார் கம்பெனியின் தலைவராக இருந்தவர். பிறகு மிச்சிகன் மாநில ஆளுநரானார். 1968 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வர நல்ல வாய்ப்பு இருப்பதாகப் பேசப்பட்டவர்.

1965ல் வியட்நாம் போய் வந்த ராம்னி போரை ஆதரித்தார். 1967 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஒரு டி.வி. பேட்டியில், முன்பு ஆதரித்தீர்களே என்று கேட்டபோது, தளபதிகளும் தூதரக அதிகாரிகளும் அப்போது தன்னை நன்றாக மூளைச்சலவை செய்துவிட்டார்கள், இப்போது இந்தப் போர் தேவையற்றது என்று நினைக்கிறேன் என்றார். அவ்வளவுதான். நாடே கைகொட்டிச் சிரித்தது. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவரா ஜனாதிபதி என்று கேட்டார்கள். கருத்துக்கணிப்பில் அவர் செல்வாக்கு மளமளவென்று சரிந்தது. 1968 பிப்ரவரி 28ஆம் தேதி போட்டியிலிருந்தே விலகினார்.

அதே நாளில்தான் வெள்ளை மாளிகையில் மெக்னமாராவுக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. நாட்டின் உயரிய சுதந்திரப் பதக்கத்தை ஜான்சன் அவருக்கு அணிவித்தார். பதில் பேச எழுந்த மெக்னமாராவுக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு வரவில்லை. மறுநாள் பதவியிலிருந்து இறங்கினார். உலக வங்கித் தலைவர் பதவி தயாராக இருந்தது. அங்கே 13 ஆண்டுகள் இருந்தார்.

வெளியே சொன்ன கார் கம்பெனித் தலைவருக்கு ஏளனம். சொல்லாதவருக்குப் பதக்கம். தலைவர்கள் ஏன் தவறை ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? இதில் சிரித்த பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும்கூடப் பங்கு உண்டு.

அதே நாற்காலியில் அடுத்தவர்

ஆனால் சொல்லவே முடியாத சூழல் என்றும் சொல்லிவிட முடியாது. டோங்கின் தீர்மானத்தைச் செனட்டில் முன்னின்று நிறைவேற்றிக் கொடுத்தவர் வில்லியம் ஃபுல்பிரைட். தான் ஏமாந்ததை உணர்ந்த பிறகு, 1966 பிப்ரவரியில் டி.வி. கேமராக்களுக்கு முன்னால் போர் பற்றிப் பகிரங்க விசாரணை நடத்தினார். ஜனாதிபதியின் நட்பு போனது. அவர் கவலைப்படவில்லை. 1968 மார்ச்சில் ராபர்ட் கென்னடி கன்சாஸ் மாநிலத்தில் மாணவர்கள் முன்னால், ஆரம்ப கால முடிவுகளில் தனக்கும் பங்கு உண்டு, அந்தப் பொறுப்பை ஏற்கிறேன், ஆனால் பழைய தவறு அதையே தொடர்வதற்குக் காரணம் ஆகாது என்று பேசினார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான உதாரணம் கிளார்க் கிளிஃபோர்ட். மெக்னமாராவுக்கு அடுத்து பாதுகாப்பு அமைச்சரானவர். போரை ஆதரிப்பவர் என்பதால்தான் ஜான்சன் அவரைத் தேர்ந்தெடுத்தார். அப்போது தளபதிகள் மேலும் 2,06,000 வீரர்கள் கேட்டிருந்தார்கள். கிளிஃபோர்ட் சாதாரணக் கேள்விகளைக் கேட்டார். இது போதுமா? போதாது என்றால் இன்னும் எத்தனை? எவ்வளவு காலம்? ஜெயிப்பதற்குத் திட்டம் என்ன? யாரிடமும் பதில் இல்லை. சில வாரங்களில் மனம் மாறி, ஜான்சனையும் மாற்ற முயன்றார். மார்ச் 31ஆம் தேதி ஜான்சன் குண்டுவீச்சைக் குறைப்பதாகவும் மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். பதவி முடிந்த பிறகும் கிளிஃபோர்ட் சும்மா இருக்கவில்லை. 1969லேயே, தன் முந்தைய கருத்து மாறிய விதத்தையும், 1970 முடிவுக்குள் தரைப்படைகள் வெளியேற வேண்டும் என்பதையும் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். போர் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது.

அமைச்சர் ஜனாதிபதிக்குக் கட்டுப்பட்டவர், வெளியே வந்து பேசினால் அது எதிரிக்கு உதவி என்பது மெக்னமாரா சொன்ன சமாதானம். அதே பதவியில் இருந்த கிளிஃபோர்ட் செய்து காட்டியதை வைத்துப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

எந்த வகைப் பிழை?

கணக்குப்பதிவியலில் பிழைத்திருத்தம் என்று ஒரு பாடம் வரும். தொகையை மாற்றி எழுதுவது, வேறு கணக்கில் எடுத்து எழுதுவது எல்லாம் செய்பிழை. அடிப்படைக் கோட்பாட்டையே மீறி எழுதுவது விதிப்பிழை. விதிப்பிழையின் ஆபத்து என்னவென்றால், இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். கூட்டலில் தவறே தெரியாது.

1995ல் மெக்னமாரா ஒப்புக்கொண்டது செய்பிழையை மட்டும்தான். எங்கள் நோக்கமும் மதிப்பீடுகளும் தவறவில்லை, கணிப்பும் திறனும்தான் தவறின என்று எழுதினார். வியட்நாமியர்கள் இதை ஏற்கவில்லை. அந்நாட்டின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஒருவர், நீங்கள் வரலாற்றுப் புத்தகமே படித்ததில்லையா, ஆயிரம் வருடம் சீனாவோடு போராடிய நாங்கள் சீனாவின் கைப்பாவையாக எப்படி இருப்போம், நாங்கள் சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டோம் என்று கேட்டதாக மெக்னமாராவே 2003ல் எர்ரல் மோரிஸ் எடுத்த ஆவணப்படத்தில் சொல்கிறார். எதிரே இருந்தவர்கள் எதற்காகச் சாகிறார்கள் என்பதே தெரியாமல், எத்தனை பேர் சாகிறார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது விதிப்பிழை இல்லாமல் வேறு என்ன?

அதே படத்தின் இறுதியில், பதவி விலகிய பிறகு ஏன் போருக்கு எதிராகப் பேசவில்லை என்று கேட்கிறார்கள். இதுவரை சொன்னதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை என்று முடித்துக்கொள்கிறார். 11 காரணங்களை வரிசைப்படுத்திய மனிதரிடம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. 2009 ஜூலை 6ஆம் தேதி அவர் காலமானார்.

சரியாக ஏழு வருடம் கழித்து, 2016ல் அதே ஜூலை 6ஆம் தேதி, ஈராக் போரில் பிரிட்டனின் பங்கு பற்றிய சில்காட் அறிக்கை வெளியானது. அன்று பேட்டி கொடுத்த முன்னாள் பிரதமர் டோனி பிளேர், வருத்தமும் மன்னிப்பும் தெரிவித்தார். கூடவே, மறுபடி அதே நிலையில் இருந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார். இதையெல்லாம் பார்க்கும்போது மெக்னமாரா எவ்வளவோ மேல் என்றுதான் தோன்றும். தவறு என்ற வார்த்தையையாவது 'ஆனால்' போடாமல் சொன்னாரே! அடுத்து வருபவர்களுக்கு அவர் புத்தகம் ஒரு பாடமாக இருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

என்றாலும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. இங்கே கெட்டது அடுத்தவர்களின் கண். வியட்நாம் அரசு 1995ல் வெளியிட்ட கணக்குப்படி இறந்த பொதுமக்கள் சுமார் 20 லட்சம், போராளிகள் 11 லட்சம். இறந்த அமெரிக்க வீரர்கள் 58,000க்கும் மேல். அதில் 1967 முடிவு வரை இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர்தான். மீதி 38,000 பேர் அதற்குப் பிறகு போனவர்கள்.

ஒப்புக்கொள்வது ஒருவரின் மனச்சுமையை இறக்கி வைக்கும் சமாச்சாரம் மட்டும் அல்ல. அதற்கு ஒரு பயன் இருக்க வேண்டும். போர் நடக்கும்போது சொன்னால் சொல்பவருக்கு நஷ்டம், சிலருக்காவது உயிர் மிஞ்சும். போர் முடிந்து சொன்னால் சொல்பவருக்கு ஆறுதல், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. 1995ல் மக்களுக்கு வந்த கோபத்தின் அர்த்தம் இதுதான்.

வாஷிங்டனில் 1982ல் கட்டிய கருங்கல் நினைவுச் சுவர் ஒன்று இருக்கிறது. அந்த 58,000 பெயர்களும் அதில் இருக்கின்றன. அகர வரிசையில் அல்ல, பதவி வரிசையிலும் அல்ல, பலியான தேதி வரிசையில். அதனால் 1967 மே 19ஆம் தேதி அந்தச் சுவரில் எங்கே வருகிறது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். அந்த இடத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு பெயரும், அமைச்சருக்கு உண்மை தெரிந்த பிறகு செதுக்கப்பட்ட பெயர்.